பதில் வந்த பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால், மறுபடி கேட்கலாமா?

எழுதியவர்: வார்டுநர்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாகச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. சமீபத்தில் நடந்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் ஒரு நோயாளிக்கு ஆன்டிபயாடிக் எழுதினார். அந்த நோயாளிக்குச் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறிக்கொண்டே இருந்தது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த மருந்தின் அளவைக் கவனித்துக் குறைக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். கேஸ் ஷீட்டில் இருந்ததோ முழு டோஸ். "டாக்டர், கிரியாட்டினின் அதிகமா இருக்கே, இதே டோஸ்தானா?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எழுதினதைப் போடுங்க. ஒவ்வொண்ணுக்கும் விளக்கம் சொல்லிட்டு இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். கூட வந்த ஜூனியர் டாக்டர்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்குச் சந்தேகம் தீரவில்லை. மருந்தை ஏற்றுவதற்கு முன்னால் மருந்தகத்துக்கு போன் செய்தேன். ஃபார்மசிஸ்ட் பொறுமையாக விளக்கினார். முதலில் கொடுப்பது லோடிங் டோஸ். ரத்தத்தில் மருந்து வேண்டிய அளவுக்குச் சீக்கிரம் ஏற வேண்டும் என்பதற்காகக் கொடுப்பது. சிறுநீரகத்தைக் காரணம் காட்டி அதைக் குறைப்பதில்லை. அடுத்தடுத்த டோஸ்களின் அளவையோ இடைவெளியையோதான் மாற்றுவார்கள் என்றார். ஆக, டாக்டர் எழுதியது சரி. மருந்தை ஏற்றிவிட்டேன்.

அன்று ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சீனியர் சிஸ்டர் தனியே கூப்பிட்டார். "பெரிய டாக்டர் பதில் சொன்ன பிறகும் நீ போய் ஃபார்மசியில் விசாரிச்சிருக்கே. அவர் காதுக்குப் போனா உன்னைப் பத்தி என்ன நினைப்பார்? கடைசியில் அவர் சொன்னதுதானே சரி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, என்மேல் அக்கறை வைத்துத்தான் சொன்னார். அதனாலேயே அது இன்னும் உறுத்துகிறது.

டாக்டர் சொன்னதுதான் சரி என்று ஆன பிறகு, நான் கேட்டது தேவையில்லாத கேள்வியா? ஒருமுறை கேட்டு, பதிலும் வந்த பிறகு, மறுபடி வேறு வழியில் கேட்பது வரம்பு மீறுவதா?


பதில் — எழுதியவர்: கணக்காளர்

நீங்கள் முதலில் கேட்டதில் எந்தத் தவறும் இல்லை. இரண்டாவதைப் பற்றித்தான் எனக்கு யோசனையாக இருக்கிறது.

நானும் ஒரு பெரிய அலுவலகத்தில் பலபேருக்குக் கீழே வேலை செய்கிறேன். மேலே இருப்பவருக்கு நமக்குத் தெரியாத பல விஷயங்கள் தெரிந்திருக்கும். அந்த அனுபவத்துக்காகத்தான் அவரை அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முடிவையும் ஒவ்வொருவரும் இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேலையும் நகராது. சந்தேகத்தைச் சொல்வது நம் கடமை. சொல்லிவிட்டோம். அவர் முடிவெடுத்துவிட்டார். அதற்கு மேல் பொறுப்பு அவருடையது என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.


பதில் — எழுதியவர்: ஓடுபாதை

தங்கச்சி, நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்தது முழுக்கச் சரி. முதல் கேள்வியைவிட அந்த போன் கால்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. டாக்டர் எழுதியது சரி என்று தெரியவந்ததால் உங்கள் கேள்வி தேவையற்றதாகிவிடாது. கேட்ட நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்ததோ அதை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும். கிரியாட்டினின் ஏறுகிறது, முழு டோஸ் எழுதியிருக்கிறது, காரணம் யாரும் சொல்லவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் கேட்டே ஆக வேண்டும்.

நான் விமானிகளுக்குப் பல வருடம் வகுப்பு எடுத்தவன். விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது என் வேலை இல்லை. காக்பிட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் எப்படிப் பேச வேண்டும், மேலே இருப்பவரிடம் எப்படி மறுத்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் பாடம். இப்படி ஒரு வகுப்பு தேவைப்பட்டதற்குப் பின்னால் நிறைய உயிர்கள் இருக்கின்றன. ஒரு விபத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் இரண்டாவது கேள்விக்கு அதில் நேரான பதில் இருக்கிறது.

1977 மார்ச் 27. கேனரித் தீவுகளில் டெனரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் எல்லாம் இந்தச் சின்ன நிலையத்தில் வந்து நெருக்கியடித்து நின்றன. மூடுபனி வேறு. கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 ஓடுபாதையின் ஒரு முனையில் புறப்படத் தயாராக நிற்கிறது. பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 அதே ஓடுபாதையில் எதிரே மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. பனியில் ஒன்றுக்கு மற்றொன்று தெரியாது. கண்ட்ரோல் டவரில் இருந்தவர்களுக்கும் இரண்டும் தெரியாது.

கேஎல்எம் கேப்டன் அந்த நிறுவனத்தில் 747 விமானிகளுக்கான பயிற்சியையே தலைமை ஏற்று நடத்தியவர். விளம்பரத்தில் அவர் முகத்தைப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானிக்கு 747 தகுதிச் சோதனை நடத்தியதும் அவர்தான். அப்படிப்பட்டவர் என்ஜின் விசையைக் கூட்டுகிறார். துணை விமானி உடனே, இன்னும் அனுமதி வரவில்லையே என்கிறார். தெரியும், கேள் என்று சொல்லி கேப்டன் நிறுத்திக்கொள்கிறார். இதைக் கவனியுங்கள். முதல் தடவை கேட்டார், வேலை செய்தது.

அப்புறம் டவரிலிருந்து வந்தது, மேலே ஏறிய பிறகு எந்த வழியில் போக வேண்டும் என்பதற்கான அனுமதி. புறப்படலாம் என்று யாரும் சொல்லவில்லை. துணை விமானி அதை ரேடியோவில் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் கேப்டன் விமானத்தை ஓட்டத் தொடங்கிவிட்டார். இந்தத் தடவை துணை விமானி தடுக்கவில்லை. சற்று முன்புதான் தன் கேப்டனை ஒருமுறை திருத்தியிருந்தார். உடனே இன்னொரு முறை திருத்துவது எவ்வளவு கனமான காரியம் என்பது, பெரியவர் ஒருவருக்குக் கீழே வேலை செய்த எவருக்கும் தெரியும்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினியர், ஓடுபாதையை விட்டு விலகியதும் சொல்கிறோம் என்று பான் ஆம் விமானி ரேடியோவில் பேசியதைக் கேட்டிருக்கிறார். "அவர் இன்னும் விலகலையா?" என்றார். கேப்டனுக்குச் சரியாகக் காதில் விழவில்லை, என்ன சொல்கிறாய் என்றார். "அந்த பான் ஆம், இன்னும் விலகலையா?" கேப்டன் அழுத்தமான குரலில் ஆமாம், விலகியாயிற்று என்றார். அதற்கு மேல் இன்ஜினியர் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

வகுப்பில் இதைச் சொன்னால் எல்லோரும் கேப்டனைத்தான் குறை சொல்வார்கள். நான் அந்த இன்ஜினியரைப் பற்றித்தான் அதிக நேரம் பேசுவேன். அந்த நேரத்தில் சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவருக்குத் தைரியம் இருந்தது. கேட்டார், பதிலும் கிடைத்தது. ஆனால் அந்தப் பதிலுக்கு என்ன ஆதாரம்? பனியில் அவர் கண்ணுக்குத் தெரியாத ஓடுபாதை கேப்டன் கண்ணுக்கும் தெரியாது. அந்தப் பதிலில் உறுதியான குரல் மட்டும்தான் இருந்தது, புதிய தகவல் எதுவும் இல்லை. இரண்டாவது கேள்வி அங்கேதான் வர வேண்டும்: "எப்படித் தெரியும்? டவரைக் கேட்டுவிடலாம்."

நீங்கள் கேட்ட பதிலும் அந்த வகைதான். "எழுதினதைப் போடுங்க" என்பதில் மருந்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. "இது லோடிங் டோஸ்" என்று மூன்றே சொல்லில் அவர் முடித்திருக்கலாம், உங்கள் சந்தேகமும் அங்கேயே தீர்ந்திருக்கும். தகவல் கிடைக்காததால் தகவல் இருக்கும் இடத்தைத் தேடிப் போனீர்கள். அதில் அவமரியாதை எங்கே இருக்கிறது?

கணக்காளர் சார், நீங்கள் சொன்ன "அதற்கு மேல் பொறுப்பு அவருடையது" என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக நல்ல மனிதர்களும் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். 1961ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்னொருவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் ஷாக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் அளவைக் கூட்ட வேண்டும் என்று சாதாரண ஆட்களிடம் சொன்னார்கள். ஷாக் உண்மையில் கிடையாது, கொடுப்பவர்களுக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். இந்த எண்ணை எல்லோரும் சொல்வார்கள். என் கவனம் போனது வேறு இடத்துக்கு. அந்த 26 பேரும் சும்மா கீழ்ப்படிந்தவர்கள் அல்ல. அவர்களில் பலர் வியர்த்தார்கள், நடுங்கினார்கள், போதும் நிறுத்தலாம் என்றார்கள், இவருக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நான் பொறுப்பு, தொடருங்கள் என்று நடத்தியவர் சொன்னதும் தொடர்ந்தார்கள். அதாவது கேள்வி கேட்டார்கள். பொறுப்பு கைமாறிவிட்டது என்று கேட்டதும் கேள்வியை விட்டுவிட்டார்கள். பொறுப்பை யார் ஏற்றுக்கொண்டாலும் ஷாக் கொடுக்கும் சுவிட்ச் அவர்கள் கையில்தான் இருந்தது. உங்கள் வார்டில் ஊசி நர்ஸின் கையில் இருக்கிறது.

எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டால் வேலை நகராது என்பது உண்மை. அதனால்தான் எல்லாவற்றையும் கேட்கச் சொல்லவில்லை. திருத்த முடியாத சேதம் வரக்கூடிய இடத்தில், பதிலில் காரணம் இல்லாதபோது, மறுபடி கேட்க வேண்டும். ஒரு போன் கால் எடுத்துக்கொள்ளும் நேரம் அது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்டேன் என்று நாம் நினைப்பது பல நேரம் வெறும் குறிப்பாகத்தான் இருக்கும். 1978 டிசம்பரில் யுனைடெட் 173 என்ற விமானம் போர்ட்லண்ட் நகருக்கு மேலே சுமார் ஒரு மணி நேரம் வட்டமிட்டது. சக்கரம் சரியாக இறங்கியதா என்று கேப்டனுக்குச் சந்தேகம், அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எரிபொருள் தீர்ந்துகொண்டு வருவது மற்ற இருவருக்கும் தெரியும். அளவைச் சொன்னார்கள். இப்போதே இறங்காவிட்டால் விழுந்துவிடுவோம் என்று மட்டும் சொல்லவில்லை. என்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றுபோய் விமானம் நகரத்தின் ஓரத்தில் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கீழே இருப்பவர்களுக்கு அழுத்திச் சொல்லும் பயிற்சி வேண்டும் என்று விசாரணை அமைப்பு பரிந்துரைத்தது. 1981ல் அதே நிறுவனம் அந்தப் பயிற்சியைத் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க விமானிகள் அதைப் படிக்கிறார்கள்.

அந்தப் பயிற்சியில் ஒரு படிவரிசை உண்டு. முதலில் கேள்வியாகவே கேட்கலாம். பதிலில் தெளிவு இல்லை என்றால் "எனக்கு இது கவலையாக இருக்கிறது" என்று நம் பக்கத்தைச் சொல்ல வேண்டும், காரணத்தோடு. அதற்கும் அசையாவிட்டால் "இது ஆபத்து, நிறுத்திவிட்டு ஒருமுறை சரிபார்ப்போம்" என்று, என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்த வேண்டியதே இல்லை. சொற்கள் ஒவ்வொரு படியிலும் இன்னும் நேராக வந்தால் போதும். கடைசிப் படியில், நான் இதைச் செய்ய மாட்டேன் என்று சொல்லவும் தெரிய வேண்டும்.


பதில் — எழுதியவர்: வார்டுநர்ஸ்

ஓடுபாதை அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நன்றி.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். விமானத்தில் கேப்டனும் துணை விமானியும் ஒரே விமானத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தப்பு நடந்தால் இருவருக்கும் உயிர் போகும், அதனால் கேப்டனுக்கும் கேட்டுக்கொள்ளக் காரணம் இருக்கிறது. எங்களிடம் அப்படி இல்லை. ஆபத்து மூன்றாவதாகப் படுத்திருக்கும் நோயாளிக்கு, அவர் பல நேரம் மயக்கத்தில் இருப்பார். கேட்டால் எனக்குத்தான் திட்டு, கேட்காவிட்டால் எனக்கு எதுவும் ஆகாது. மனிதர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு நர்ஸும் தனியாகத் தைரியத்தை வரவழைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அது எத்தனை நாளைக்கு நடக்கும்?


பதில் — எழுதியவர்: மயக்கமருத்துவர்

சிஸ்டர், நீங்கள் கேட்டது எங்களைப் போன்றவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நான் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர், இப்போது துறைக்குப் பொறுப்பு. அதாவது இந்த விவாதத்தில் மற்றவர்களால் கேள்வி கேட்கப்பட வேண்டிய ஆள் நான்.

தைரியத்தைக் கீழே இருப்பவர்களிடம் மட்டும் எதிர்பார்ப்பது அநியாயம். உங்கள் டாக்டர் மருந்து எழுதியதில் சரி, உங்களை நடத்திய விதத்தில் சரியில்லை. அந்தப் பதிலால் நீங்கள் கேட்பதை நிறுத்தவில்லை, அது உங்கள் குணம். ஆனால் சுற்றி நின்ற ஜூனியர் டாக்டர்கள் அன்று ஒரு பாடம் படித்திருப்பார்கள்: இவரிடம் கேட்காதே. அடுத்த தடவை அவர் உண்மையிலேயே தவறாக எழுதும்போது, அந்த ஜூனியர்களின் மௌனம் நோயாளியைக் கொல்லலாம். தன்னைச் சுற்றி இருந்த பாதுகாப்பை அவரே கழற்றிப் போட்டுவிட்டார்.

எங்கள் துறையில் எல்லோரும் படிக்கும் ஒரு சம்பவம் உண்டு. 2005ல் இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்குச் சைனஸ் தொடர்பான சாதாரண அறுவை சிகிச்சை. மயக்கம் கொடுத்ததும் மூச்சுக்குழாய்க்குள் குழாய் போக மறுத்தது. முகமூடி வழியாகவும் காற்று போகவில்லை. இந்த நிலையில் கழுத்து வழியாக மூச்சுப் பாதை திறப்பதுதான் வழி. அங்கே இருந்தவர்கள் அனுபவமுள்ள மருத்துவர்கள். ஆனால் குழாயைச் செருகும் முயற்சியிலேயே மூழ்கிவிட்டார்கள், நேரம் போனதே அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு நர்ஸ் கழுத்தில் துளையிடும் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு நர்ஸ் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்து சொன்னார். மருத்துவர்கள் பார்த்த பார்வை, எதற்கு இப்படிப் பதறுகிறாய் என்று கேட்பது போல இருந்ததாம். போய் ரத்து செய்துவிட்டார். அந்தப் பெண் சில நாட்களில் இறந்துபோனார்.

ஓடுபாதை சொன்ன அதே இடம்தான். செய்ய வேண்டியது என்ன என்று நர்ஸ்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருமுறை சொன்னார்கள். சொன்னது காதில் ஏறாதபோது, இரண்டாவது தடவை எப்படிச் சொல்வது என்று அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. இறந்த பெண்ணின் கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. விமானத் துறையில் பழகிய கண்ணோட்டத்தோடு அவர் கேட்டது, யாரைத் தண்டிப்பது என்று அல்ல. இது திரும்ப நடக்காமல் இருக்க என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று. பிறகு மருத்துவத்தில் இந்த விஷயத்துக்காகவே ஒரு அமைப்பையும் தொடங்கினார். பிரிட்டனில் மயக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இன்றைக்கும் இந்தச் சம்பவத்தைப் பேசுகிறார்கள்.

தனியாகத் தைரியத்தை வரவழைக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. 1966ல் வெளிவந்த ஒரு சோதனையில், முன்பின் தெரியாத ஒருவர் டாக்டர் என்று சொல்லி போனில் நர்ஸ்களைக் கூப்பிட்டு, புட்டியில் அச்சிட்டிருந்த அதிகபட்ச அளவைப் போல இரண்டு மடங்கு மருந்து கொடுக்கச் சொன்னார். 22 பேரில் 21 பேர் கொடுக்கத் தயாரானார்கள். கடைசி நேரத்தில் அவர்களைத் தடுத்து உண்மையைச் சொன்னார்கள். இதைக் காட்டி நர்ஸ்களைக் குறை சொல்பவர்கள், 1977ல் வந்த இன்னொரு சோதனையைச் சொல்வதில்லை. அதில் நர்ஸ்களுக்குத் தெரிந்த மருந்து, பக்கத்தில் இருப்பவர்களிடம் பேசிக்கொள்ளவும் வாய்ப்பு இருந்தது. 18 பேரில் 2 பேர்தான் அந்த அதிக டோஸைக் கொடுக்கத் தயாரானார்கள். அதே தொழில், அதே படிப்பு. மருந்து தெரிந்ததா, தனியாக விடப்பட்டார்களா, கலந்து பேச முடிந்ததா என்பதே இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவந்தது. மில்கிராமும் இதைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இருவர் மாட்டோம் என்று எழுந்துவிட்ட சோதனையில், 40 பேரில் 4 பேர்தான் கடைசி வரை போனார்கள்.

ஆகவே உங்கள் ஃபார்மசிஸ்ட்டை விடாதீர்கள். சீனியர் சிஸ்டரிடமும் மனம்விட்டுப் பேசிப் பாருங்கள். அவரும் ஒரு காலத்தில் இதே போல ஒரு பெரிய டாக்டர் முன்னால் நின்றவர்தான்.

மேலே இருப்பவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008ல் அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. அதில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஒருமுறை வாய் திறந்து பேசியவருக்கு மறுபடி பேசுவது எளிது. பெயர் தெரிந்தவர் பேசினால் அறுவை மருத்துவரும் காது கொடுக்கிறார். எட்டு மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்ததில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. எல்லாம் இந்த ஒரு வரியால் வந்தது என்று சொல்ல மாட்டேன், பட்டியலில் வேறு பலவும் இருக்கின்றன.

நான் செய்வது இதுதான். சிக்கலான கேஸ் தொடங்கும் முன் "நான் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டு நேரத்தை மறந்துவிட்டால், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துங்கள்" என்று எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். யாராவது கேள்வி கேட்டு, நான் செய்தது சரியாகவே இருந்தாலும், அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் காரணத்தை விளக்குவேன். எல்லோருக்கும் கேட்கும்படி.


பதில் — எழுதியவர்: கணக்காளர்

டாக்டர், ஓடுபாதை சார், இருவர் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன், குறிப்பாக ஊசி யார் கையில் இருக்கிறது என்று சொன்னதை. ஆனால் நிலைமை எப்போதும் நிமிடக் கணக்கில் இருப்பதில்லையே. எங்கள் மாதிரி இடத்தில் கேள்வி மாதக்கணக்கில் இழுக்கும். கேட்டுக்கொண்டே இருப்பவருக்குத் தொல்லை கொடுப்பவர் என்ற பெயர்தான் மிஞ்சும். அங்கே எத்தனை தடவை கேட்பது?


பதில் — எழுதியவர்: ஓடுபாதை

நல்ல கேள்வி சார். அதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பதில் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற அம்மையார்.

1960ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார். மேஜைக்கு வந்த முதல் கோப்புகளில் ஒன்று தாலிடோமைட். ஐரோப்பாவில் ஏற்கெனவே விற்பனையில் இருந்த தூக்க மருந்து, கர்ப்பிணிகளும் சாப்பிட்டார்கள். எளிதாக முடியும் வேலை என்று நினைத்துத்தான் புதியவரிடம் கொடுத்தார்கள். அன்றைய விதிப்படி 60 நாளுக்குள் மறுக்காவிட்டால் அனுமதி கிடைத்துவிடும். ஆனால் விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று எழுதினால், புது விவரம் வந்த பிறகு கணக்கு மறுபடி தொடங்கும். பாதுகாப்புக்கான ஆதாரம் போதவில்லை என்று எழுதி அனுப்பினார். விவரம் வந்தது, அதுவும் போதவில்லை. மறுபடி எழுதினார். நிறுவனத்தார் நேரில் வந்தார்கள், போன் செய்தார்கள், அவருடைய மேலதிகாரிகளிடம் புகார் சொன்னார்கள். இதற்கிடையில் இந்த மருந்தால் நரம்பு பாதிக்கப்படலாம் என்று ஒரு மருத்துவ இதழில் வந்த கடிதம் அவர் கண்ணில் பட்டது. அப்படியென்றால் கருவில் இருக்கும் குழந்தைக்கு என்ன ஆகும் என்று கேட்டார். அதற்குப் பதில் இல்லை. 1961 நவம்பரில் ஜெர்மனியில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். கை கால் வளர்ச்சி இல்லாமல் பிறந்த குழந்தைகள் உலகம் முழுக்க 10,000க்கும் மேல். அமெரிக்காவில் அந்த மருந்து விற்பனைக்கே வரவில்லை. சோதனைக்காக டாக்டர்களிடம் கொடுத்த மாத்திரைகளால் சில குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் ஒவ்வொரு தடவையும் கேட்டது ஒரே விஷயம்: இது பாதுகாப்பானது என்பதற்கு ஆதாரம் எங்கே? கோபப்படவில்லை, யார் மேலும் குற்றம் சாட்டவில்லை. எழுத்தில் கேட்டார், வந்த பதிலில் எது விடுபட்டிருக்கிறது என்று எழுத்தில் சொன்னார். தொல்லை கொடுப்பவர் என்ற பெயர் அவருக்கும் வந்தது. மேலதிகாரிகள் அவர் பக்கம் நின்றார்கள், அந்தப் பங்கையும் மறக்கக்கூடாது. ஆகவே எத்தனை தடவை என்று எண்ண வேண்டாம். வந்த பதில் கேள்வியைத் தொடவில்லை என்றால் அந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள்.


பதில் — எழுதியவர்: வார்டுநர்ஸ்

எல்லோருக்கும் நன்றி. சீனியர் சிஸ்டரிடம் இன்று பேசினேன். முதலில் தயங்கினார். அப்புறம், தான் வேலைக்கு வந்த புதிதில் யாரும் தன் பக்கம் நின்றதில்லை என்றார். இனிமேல் சந்தேகம் வந்தால் முதலில் தன்னிடம் வரச் சொல்லியிருக்கிறார், இருவரும் சேர்ந்து கேட்கலாமாம்.

டாக்டரிடம் ஒன்று: ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் கேட்பதா, தனியாகக் கேட்பதா?


பதில் — எழுதியவர்: மயக்கமருத்துவர்

நேரம் இருந்தால் தனியாகக் கேளுங்கள், அவருக்கும் யோசிக்க இடம் கிடைக்கும். மருந்து ஏறப்போகிறது என்றால் அங்கேயே, அப்போதே கேளுங்கள். "டோஸ் சரியா?" என்று பொதுவாகக் கேட்காமல், "கிரியாட்டினின் இவ்வளவு, இது லோடிங் டோஸா, அடுத்த டோஸ் எப்போது?" என்று கேட்டால், சலித்துக்கொள்கிறவர்கூடப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்ன பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த ஷிஃப்டில் வரும் நர்ஸுக்கும் அது வேண்டும்.